கழுவின காசு

காசைக் கையில் வாங்கும்போது குமுதவல்லி கொடுத்தவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்த்தால் மனம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்று நாணயம் சேகரிப்போர் சங்கக் கூட்டங்களில் அவளே சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் இன்று நிமிராததற்குக் காரணம் அது இல்லை. மண்டபத்தின் பெரிய கதவு திறந்து கிடந்தது, ஞாயிற்றுக்கிழமைக் காலை வெயில் அந்தப் பக்கமிருந்து கொட்டிக்கொண்டிருந்தது, அந்த வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி வரிசையில் வந்து உட்கார்ந்த எல்லோரும் அவளுக்குப் புகைக்குள் இருப்பவர்களைப் போலவே தெரிந்தார்கள். வணக்கம் மேடம் என்று ஒரு குரல் வந்தது. உட்காருங்க என்றாள். நாற்காலி இழுபட்டது. இன்று நாணயக் கண்காட்சி, நேற்று இங்கே ஏதோ கல்யாண வரவேற்பு நடந்திருக்கிறது, மேசைக்குக் கீழே செருப்பில் ரோஜா இதழ் ஒட்டுகிறது, மேடையில் பாதி பிய்த்த தெர்மோகோல் அன்னம் ஒன்று இன்னும் இருக்கிறது. அந்த அன்னத்துக்கு முன்னால்தான் சங்கத்தார் அவளுக்கு மேசை போட்டு, பின்னால் பேனரும் கட்டியிருந்தார்கள். உங்கள் காசு கழுவப்பட்டதா, பேராசிரியர் குமுதவல்லியிடம் கேளுங்கள். பேராசிரியர் இல்லை, ஓய்வு பெற்ற வேதியியல் விரிவுரையாளர் என்று செயலாளர் உதுமானிடம் ஒருமுறை சொன்னாள். ஒருமுறைதான் சொன்னாள். வெள்ளைக்காரன் காலத்து வெள்ளி ரூபாய். விளிம்பில் பிடித்து விளக்குக்கு அடியில் கொண்டுபோனாள், லென்ஸை வலக்கண்ணோடு ஒட்டவைத்தாள், ராஜாவின் கன்னத்துக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தில் வெளிச்சம் விழும்படி காசைச் சாய்த்தாள். கோடு. மயிரிழை மாதிரி கோடுகள், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, ராஜாவின் நெற்றியிலிருந்து எழுத்துகளின் மேலேறிப் போயின. துணியாலோ பொடியாலோ யாரோ தேய்த்திருக்கிறார்கள், அப்படித் தேய்த்த பழைய காசுக்குச் சேகரிப்பவர்களிடம் மதிப்பில்லை. கழுவினது. வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, அப்போதுதான் ஆள்காட்டி விரல் விளிம்பில் இருந்த சின்னப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. அந்தப் பள்ளம் அவள் விரலுக்குத் தெரிந்த பள்ளம்.

திருப்பிப் பார்க்க வேண்டியதே இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று, ராஜாவின் அங்கியில் தொங்கும் மாலையில் செதுக்கிய யானை பார்ப்பதற்குப் பன்றியைப் போல இருக்கிறது என்று ஊரெல்லாம் முகம் சுளித்து, அடுத்த வருஷமே அச்சை மாற்றிய ரூபாய். அதனால்தான் எல்லோரும் அதைத் தேடுகிறார்கள். இதே காசை அவள் போன தை மாதக் கூட்டத்தில் பார்த்திருக்கிறாள். அப்படியானால் எதிரில் உட்கார்ந்திருப்பது சவரிநாதன். பாலக்கரையில் பேக்கரி வைத்திருப்பவர், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெரிய டப்பா நிறைய ரஸ்க் கொண்டுவருபவர். கொண்டுவந்துகொண்டிருந்தவர். அந்தத் தை மாதத்துக்குப் பிறகு ரஸ்க்கும் இல்லை, அவரும் இல்லை. வேலை அதிகம் போல, என்று அவளே ஒருமுறை யாரிடமோ சொன்னாள். அன்றைக்கு இந்தக் காசு கை மாறிக் கை மாறி அவளிடம் வந்தபோது அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார், வீட்டுப் பிள்ளையைப் பெரியவர்களிடம் காட்டுகிற மாதிரி. அண்ணன் இளவயதில் வாங்கியது, காகிதத்தில் மடித்து வைத்தது, அண்ணன் போன பிறகு அண்ணி எடுத்துக் கொடுத்தார்கள், யாரும் தொட்டதே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் லென்ஸை எடுத்துவிட்டு, கழுவின காசு என்றாள். இல்லைங்க மேடம், யாரும் தொடவே இல்லை என்று அவர் மறுபடி சொன்னார். அப்போது அவள் சொன்னாள். அந்த வாக்கியத்தை மட்டும் மனம் தாண்டித் தாண்டிப் போகிறது, போய்விட்டு அங்கேயே திரும்பி வருகிறது. தொட்டவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பார்கள் என்று தெரிந்துதான் சொன்னாள், கடைசிச் சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்திக்கூடச் சொன்னாள், வகுப்பில் கடைசி பெஞ்சுப் பெண்களை மடக்கும்போது செய்வதைப் போல. சவரிநாதனும் சிரித்தார். அதுதான். அவர் கோபப்பட்டிருக்கலாம், காசைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம், எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே காசை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொண்டுவந்த பிளாஸ்டிக் கூட்டுக்குள்கூடப் போடவில்லை.

சரி, அதனால் என்ன, கழுவின காசைக் கழுவின காசு என்றுதானே சொன்னோம். இதோ கோடு இருக்கிறது. அவள் காசை மெல்லத் திருப்பினாள். காசைச் சுற்ற வேண்டும், இது முதல் பாடம், அவளே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தது. கோடு காசில் இருந்தால் காசோடு சேர்ந்து அதுவும் சுற்றும். வெளிச்சத்துக்குக் குறுக்கே வரும்போது பளிச்சென்று தெரியும், வெளிச்சத்தோடு படுத்துக்கொள்ளும்போது மறைந்துவிடும். கை படாத காசாக இருந்தால் எழுத்துகளின் இடுக்கிலாவது பழைய பளபளப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது குடை ராட்டினம் போலச் சுற்றி வரும். அவள் சுற்றினாள். ராஜாவின் மூக்கு மேலே போனது, கிரீடம் பக்கவாட்டில் வந்தது, எழுத்துகள் தலைகீழாயின. கோடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. அதே சாய்வு. அவள் இன்னும் சுற்றினாள். ராஜா தலைகீழாக நின்றார், கோடுகள் அசையவில்லை. கீறல் விழுந்த ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி, காசு மட்டும் உள்ளே சுழல, கோடு இந்தப் பக்கமே நின்றது. அவள் லென்ஸை எடுத்துத் துணியால் துடைத்தாள். துடைக்கும்போதே தெரியும், லென்ஸில் ஒன்றும் இல்லை. லென்ஸையும் சுற்றிப் பார்த்தாள். கோடு அசையவில்லை. எல்லா ஒளிப்புள்ளியிலிருந்தும் இரண்டு பக்கமும் வால் முளைத்த மாதிரி, ஒரே சாய்வில். எதிரில் இருந்தவர் காத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடையில் யாரோ மூட்டையிலிருந்து செப்புக்காசுகளைத் தரையில் கொட்டினார்கள், நீளமாகக் கொட்டிக்கொண்டே இருந்தார்கள், நிற்காத மழை மாதிரி.

தெரியாதா அவளுக்கு. ராத்திரியில் ஆட்டோவில் வரும்போது எதிர் வண்டியின் விளக்கு பூவாக விரிந்து அதிலிருந்து கம்பி கம்பியாக நீள்வது எத்தனை மாதமாக நடக்கிறது. இந்தக் காலத்து விளக்கே அப்படித்தான், கண்ணைக் குத்துகிறது என்று ஆட்டோக்காரரிடமே சண்டை போட்டிருக்கிறாள். மேசை விளக்கை மாற்றினாள், மறுபடி மாற்றினாள், கடைக்காரரிடம் நல்ல பல்பே வருவதில்லையா என்று கேட்டாள். பெங்களூரிலிருந்து மகன் பேசும்போதெல்லாம் கண்ணைக் காட்டும்மா, உன் வயசில் எல்லோருக்கும் புரை வரும், அரைமணி நேர வேலை என்கிறான். அவளுக்குக் கோபம் வந்துவிடுகிறது. எதற்குக் கோபம். எல்லோருக்கும் வருவது அவளுக்கும் வரும் என்றதற்குத்தான். என் கண்ணை வைத்துத்தான் இந்த ஊரில் ஒரு காசு கை மாறுகிறது, அதைப் போய் எல்லோருடைய கண்ணோடும் சேர்த்துப் பேசுகிறானே என்று. போன வருஷம் முழுக்க அவளிடம் வந்த காசுகளில் முக்கால்வாசியைக் கழுவினது என்றே சொல்லியிருக்கிறாள். அது அவளுக்கே வினோதமாகத்தான் இருந்தது. அதற்கு அவள் என்ன காரணம் கண்டுபிடித்தாள்? மனிதர்கள் கெட்டுவிட்டார்கள் என்று. ஆண்டுவிழாவில் மைக்கைப் பிடித்து, முன்பெல்லாம் பத்தில் ஒன்றுதான் கழுவின காசாக வரும், இப்போது நேர்மை குறைந்துவிட்டது, நாணயம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் நேர்மை என்றும் பொருள் உண்டு என்பதை மறந்துவிட்டோம் என்று பேசினாள். கை தட்டினார்கள். கடவுளே, நன்றாகக் கை தட்டினார்கள். அத்தனை பேருடைய காசிலும் அவள் கண்ணின் கோட்டைப் பார்த்துவிட்டு, அத்தனை பேரையும் உட்காரவைத்து நேர்மையைப் பற்றிப் பேசியிருக்கிறாள். உறையூரிலிருந்து வந்த அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள், அப்பா வைத்துவிட்டுப் போன காசுகளைப் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்துக் காட்டியவள், ஒவ்வொன்றுக்கும் கழுவினது கழுவினது என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் மீதியைப் பிரிக்காமலே பையில் போட்டுக்கொண்டவள். காலையிலிருந்து இன்று மட்டும் எத்தனை பேருக்குச் சொன்னாள். அவர்கள் எல்லோரும் இந்த மண்டபத்துக்குள்தான் எங்கேயோ சுற்றிக்கொண்டிருப்பார்கள், காசை விலை குறைத்து விற்றிருப்பார்கள், அல்லது வீட்டுக்குப் போய் யாரையாவது கேட்பார்கள், நீதானே கழுவினாய் என்று.

வலக்கண்ணை மூடினாள். லென்ஸை இடக்கண்ணுக்கு மாற்றினாள். இத்தனை வருஷத்தில் ஒருமுறை கூட அந்தக் கண்ணால் காசு பார்த்ததில்லை, அது சும்மா துணைக்கு இருந்த கண். காசு மங்கலாக வந்து வந்து போனது, பிறகு நிலைத்தது. சாய்வுக் கோடு இல்லை. ஒன்றுகூட இல்லை. ஆக, முடிந்தது. சவரிநாதனின் காசு சுத்தமானது, அவர் சொன்னது உண்மை, அவள் சொன்னது பொய், அத்தனை பேர் சிரித்தது வீண். இதை இப்போது எப்படிச் சொல்வது. லென்ஸ் அன்றைக்குச் சரியில்லை என்று சொல்லலாம். கூட்டம் நடந்த வகுப்பறையில் வெளிச்சம் போதவில்லை, அதுவும் உண்மைதானே, ஒரே ஒரு டியூப்லைட். இன்னொரு தடவை பார்த்ததில் சந்தேகம் தீர்ந்தது என்று பெருந்தன்மையாகக்கூடச் சொல்லலாம், அவர் சந்தோஷப்படுவார், நன்றி சொல்வார். காசை வெளிச்சத்துக்குச் சாய்த்தாள், வெறுமனே, செய்வதற்கு ஏதாவது வேண்டும் என்று. அப்போது தெரிந்தது. சாய்வாக இல்லை, வட்டம் வட்டமாக. கட்டைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு அழுத்தித் தேய்த்த வட்டங்கள், ராஜாவின் கன்னத்தில், கழுத்தில், அங்கியில். அவள் காசைச் சுற்றினாள். வட்டங்கள் காசோடு சுற்றின, வெளிச்சத்தில் எழுந்தன, படுத்தன. எழுத்துகளின் இடுக்கில் வெள்ளையாகப் பொடி உறைந்திருந்தது. அப்பட்டமாகக் கழுவின காசு, வேதியியல் படிக்காத யாரும் சொல்லிவிடலாம். அவளுக்குள் ஏதோ ஒன்று குதித்தது. சொன்னது சரிதான். சரியாகத்தான் சொன்னேன். கண் எப்படியோ போகட்டும், சொன்னது தப்பில்லை, இந்த மனுஷர் கழுவிவிட்டுத்தான் கொண்டுவந்திருக்கிறார், அன்றைக்கு எல்லோரும் சிரித்ததும் நியாயம்தான். மூச்சு இறங்கியது. அது இறங்கிய வேகத்தைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஒரு மனிதன் பொய்யனாக இருந்தால் தேவலை என்று இவ்வளவு ஆசையாக நினைக்க முடிகிறதே.

காசை மேசையில் விரித்த துணியின் மேல் வைத்துவிட்டு முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். வெயிலுக்கு முன்னால் மங்கலாக அவர் முகம். இளைத்திருந்தார் போலிருந்தது.

"கழுவினதுதாங்க" என்றாள். குரல் எதிர்பார்த்ததைவிட மெதுவாக வந்தது.

"தெரியும் மேடம்" என்றார் சவரிநாதன். "நான்தான் தேய்ச்சேன். போன மாசம், பல்பொடி போட்டு."

அவர் அதைச் சொன்ன விதத்தில் குத்தலே இல்லை. பேரனுக்கு ஞானஸ்நானம் வைத்திருந்தார்களாம். எப்படியும் கழுவின காசுதானே, மேடமே சொல்லிவிட்டார்களே, இனி இதற்கு மரியாதை ஏது, பிள்ளைக்கு ஒரு டாலராகவாவது செய்து போடலாம் என்று உட்கார்ந்து தேய்த்தாராம். பளபளவென்று வந்துவிட்டது. ஆனால் ஆசாரியிடம் துளை போடக் கொடுக்க மனசு வரவில்லை. அண்ணன் வைத்திருந்தது அல்லவா என்றார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தி, அவர் எதற்கு வந்தாரோ அதைச் சொன்னார். தை மாதக் கூட்டம் முடிந்து போன அன்று சாயந்திரமே தஞ்சாவூருக்கு அண்ணிக்குப் போன் செய்திருக்கிறார். அண்ணன் கை பட்டபடியே இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தீர்களே, கழுவிவிட்டு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாராம். அண்ணி இல்லை என்றார்கள். அவர் விடவில்லை. படித்தவங்க, லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொன்னாங்க, அவங்க எதுக்குப் பொய் சொல்லணும் என்றாராம். அப்ப நான்தான் பொய் சொல்றேனா தம்பி என்று அண்ணி கேட்டார்கள். அவர் போனை வைத்துவிட்டார். அதோடு சரி. ஞானஸ்நானத்துக்கு அண்ணி வரவில்லை. அம்மா இறந்த பிறகு அவரை வளர்த்தது அந்த அண்ணிதான், பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரி அனுப்பியது அவர்கள்தான் என்றார், யாரோ வேறொருவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

"அதனால ஒண்ணு கேக்கணும் மேடம். நான் போட்ட கோடு எது, அதுக்கு முந்தி இருந்த கோடு எதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியுமா? பழைய கோடு எத்தனை வருஷத்துதுன்னு தெரிஞ்சா, அது அண்ணனே பண்ணதா, அண்ணி பண்ணதான்னு எனக்கு ஒரு தெளிவு வந்துரும்."

முடியாது. காசில் அது இல்லை. இருந்த பரப்பு போய்விட்டது, நூறு வருஷம் காற்றில் கறுத்துக் கறுத்து உண்டான தோல், பல்பொடியோடு சேர்ந்து தண்ணீரில் போய்விட்டது. அந்தக் கிழவி கழுவவில்லை என்று சொல்ல இந்தக் காசிடம் இனி ஒரு சாட்சியும் மிச்சமில்லை, இவரே அதைத் துடைத்துவிட்டார், துடைக்க வைத்தது அவள். உலகத்தில் மிச்சம் இருக்கும் ஒரே சாட்சி அவள் வலக்கண்ணுக்குள் இருக்கிறது. அதை அவள் வெளியே எடுத்துக் காட்டினால் ஒழிய யாருக்கும் தெரியப்போவதில்லை. பழைய கோட்டைப் பிரிக்க முடியாதுங்க, புதுசு அதை மூடிவிட்டது என்று சொன்னால் அது விஞ்ஞானம். ஒரு எழுத்து பொய் இல்லை. அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார், இனிமேல் கேட்கவும் மாட்டார். உதுமான் வரிசையில் அடுத்தவருக்குச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னால் பேனர் காற்றில் அடித்துக்கொண்டது. அவள் வாயைத் திறந்து, பழைய கோடு என்று ஆரம்பித்தாள். அவர் குனிந்து கேட்டார், காதை முன்னால் கொடுத்து, மாணவனைப் போல, முழு நம்பிக்கையோடு. அந்த நம்பிக்கையை அவளால் தாங்க முடியவில்லை.

"பழைய கோடே இல்லைங்க" என்றாள். "அது காசுல இல்ல. என் கண்ணுல இருந்திருக்கு. புரை. இப்பத்தான், இந்தக் காசைச் சுத்தும்போதுதான் எனக்கே... இல்ல, முன்னாடியே தெரியும். தெரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கேன். உங்க அண்ணி கழுவல."

சவரிநாதன் நிமிரவில்லை. துணியின் மேல் கிடந்த காசைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் மாறுவது அவளுக்குத் தெரியவில்லை, அந்த மங்கலில் எதுவும் தெரியாது, ஆனால் அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அவர் திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள், பிறகு அப்படி நினைப்பதும் தனக்காகத்தான் என்று நினைத்தாள். அவர் பையிலிருந்து போனை எடுத்தார், எண்ணைத் தேடினார், அழுத்தினார், ஒலிக்க ஆரம்பித்ததும் அவளிடம் நீட்டினார். "நான் பேசினா கேப்பாங்களான்னு தெரியல. எடுத்தா நீங்களே சொல்லிடுங்க."

எடுத்தார்கள். யாரு என்றது ஒரு வயதான குரல். பின்னால் குக்கர் விசில் கேட்டது. நான் திருச்சியிலிருந்து பேசுறேங்க, அந்த வெள்ளிக் காசைப் பார்த்துச் சொன்னது என்று குமுதவல்லி தொடங்கினாள். அந்த மேடமா என்று கேட்டது குரல். அந்த மேடம். அவ்வளவு தூரத்தில், அவள் பார்த்தே இராத ஒரு வீட்டில், இத்தனை மாதமாக அவளுக்கு அந்தப் பெயர் இருந்திருக்கிறது. ஆமாங்க என்றாள். நான் சொன்னது தப்பு, உங்க மேல தப்பில்லை என்று சொல்லிக்கொண்டு போனாள், குரல் அடிவயிற்றுக்குள்ளேயே நின்றது.

"கேக்கலைம்மா. எனக்குக் காது மந்தம், சத்தமாப் பேசணும்."

மறுபடி சொன்னாள். இன்னும் சத்தமா என்றது குரல், சாதாரணமாக, தனக்குக் கேட்காது என்பதில் எந்தக் கூச்சமும் இல்லாமல். வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உதுமான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். செப்புக்காசு கொட்டுகிறவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள், அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது. குமுதவல்லி மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க காசைக் கழுவலைம்மா. எனக்குத்தான் கண்ணு தெரியல. கண்ணு தெரியாமத்தான் சொல்லிட்டேன்."

மண்டபத்தின் மறுகோடி வரைக்கும் போய் அது திரும்பி வந்தது. தம்பி பக்கத்துல இருக்காரா, அவர்கிட்ட குடுங்க என்றார்கள் அண்ணி. அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனை வாங்கிக்கொண்டு சவரிநாதன் எழுந்து சுவர்ப் பக்கம் போனார். அண்ணி என்றார், பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார், நடுநடுவே சரி அண்ணி, சரி அண்ணி என்பது மட்டும் வந்தது, அதற்குள் குரல் உடைந்துபோனதும் தெரிந்தது. காசு துணியின் மேலேயே கிடந்தது. குமுதவல்லி உட்கார்ந்தாள். எதிர் நாற்காலி காலியாக இருந்தது. வரிசையில் அடுத்து நின்றவர் நகரவில்லை. அவர் முகம் புகையாகத்தான் தெரிந்தது, ஆனால் காசு வைத்திருந்த கையை அவர் மெல்ல மூடிக்கொண்டதை அவளால் பார்க்க முடிந்தது. விளக்கை அணைத்தாள்.